பிளாச்சின் முதுகில் ஒரு கீறல்

ஆற்றங்கரையில் கல் நிரப்பிய மூங்கில் கூடை சரிந்து என் புருஷன் லெய் மேல் விழுந்து பதினோரு நாள். ஒரு கால் மரக்கட்டையாகிவிட்டது, கிள்ளினாலும் தெரியவில்லை. ஒற்றைச் சக்கர வண்டியில் போட்டு செங்து நகரத்து வைத்தியர் துவான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

வைத்தியர் தரையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய ஊசி வைத்தியப் புத்தகம், எழுதிய மூங்கில் பிளாச்சுகளாகச் சிதறிக் கிடந்தது. கோத்திருந்த சணல் கயிற்றை எலி கடித்துவிட்டது.

"இன்னிக்கு ஊசி போட மாட்டேம்மா. குத்துற இடம் ஒரு பிளாச்சுல, ஆழம் அடுத்ததுல. மாத்திக் குத்தினா நுரையீரல்ல ஓட்டை."

"மனப்பாடமா இல்லையா வைத்தியரே?"

"பாதி இருக்கு. மீதிப் பாதியில உன் புருஷன் செத்துப்போவான்."

"நல்லாருக்கு," என்று வண்டியிலிருந்து முனகினான் லெய். "கல்லுக்குத் தப்பினவன் எலிக்குச் சாகணுமா?"

எனக்கு எழுத்து தெரியாது, புத்தகத்துக்கு மூங்கில் பிளந்து கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் ஒரு பிளாச்சைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, நான் பிளந்த மூங்கில். வரிசை தப்பாமலிருக்க, பிளக்கிறதுக்கு முன்னால் மூங்கில் குழாயைச் சுற்றிச் சாய்வாக ஒரு கீறல் இழுப்போம். பிறகு ஒவ்வொரு பிளாச்சின் முதுகிலும் அதில் ஒரு துண்டு இருக்கும், ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் கீழே.

எல்லாவற்றையும் கவிழ்த்தேன்.

"ஏம்மா, எழுத்தை மறைச்சுட்டு என்ன தேடுற?"

"எழுத்து உங்க பாடு. முதுகு என் பாடு."

அடுக்க அடுக்க, கீறல் படி மாதிரி இறங்கியது. பன்னிரண்டாவதுக்கு அப்புறம் மட்டும் இரண்டு படி சேர்ந்து இறங்கியது.

"இங்க ஒண்ணு குறையுது."

வைத்தியர் திருப்பிப் படித்தார். "குறையலையே. இது 'விலா ஓரம்'னு முடியுது, அடுத்தது 'ஓர் அங்குலம் குத்து'ன்னு தொடங்குது. சரியாத்தானே இருக்கு?"

"ஒரு குழாய்க்குப் பதினெட்டு. எண்ணுங்க."

பதினேழுதான் இருந்தது. வைத்தியர் மெல்ல எழுந்து போய், தண்ணீர்ச் சாடியின் அடியிலிருந்து ஒரு பிளாச்சை உருவினார். "சாடி ஆடிச்சு. கையில கிடைச்சதை வச்சேன்..."

படித்ததும் முகம் வெளுத்தது. "'நெல் மணி அளவுக்கு மேல போகாதே. பிறகு பின்புறச் சதையில்...' அங்கதான் ஓர் அங்குலம்!"

"அப்ப விலாவுல அங்குலம் இறக்கியிருப்பீங்க," என்றேன். அவர் ஊசியைத் துடைத்தார்.

இரண்டாவது ஊசி இறங்கியதும் லெய் கத்தினான்: "கால்ல யாரு வெந்நீர் ஊத்துறது?"

அன்றைக்கு அவன் எழுந்து நிற்கவில்லை. ஆனால் திரும்பும்போது சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம், அந்தக் கால் வலிக்கிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். அந்தத் திட்டைக் கேட்கவே நான் கல்லாகப் பார்த்துப் பார்த்து ஏற்றித் தள்ளினேன்.