இருநூற்றுப் பன்னிரண்டு இடிகள்

மடிப்பு மெஷினுக்குப் பசை ஊற்றி ஊற்றியே பதினோரு வருஷம் போய்விட்டதால், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து வெட்டு மெஷினில் நின்ற அவளுடைய நாத்தனாருக்குக் கத்திரி என்று பெயர். மெஷினை வைத்துச் சொன்னார்களா, நாக்கை வைத்துச் சொன்னார்களா என்று யாரும் விளக்கம் கேட்டதில்லை. மடித்து வரும் பெட்டிகளை எண்ணிக் கட்டுப் போடுகிறவர் கட்டுக்காரர். இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் அந்த ஷெட்.

மடிப்பு மெஷினின் ஒரு பக்கத்தில் அட்டைகளை அடுக்க வேண்டும். அது ஒவ்வொன்றாக உருவி, ஓரத்தில் பசை தடவி, மடித்து, மறுபக்கம் தள்ளும். ஈரக்காற்று அடிக்கிற நாட்களில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இடது பக்கக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். பசையக்காவுக்கு இரண்டு கையும் பசையாக இருக்கும். என்ன செய்வாள்? இடுப்பால் ஒரு இடி. அடுக்கு சரசரவென்று இறங்கிவிடும். அவள் இடித்து இடித்து, மெஷினின் பச்சைப் பெயின்ட் மூன்றடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘மெஷினைத் தட்டவோ உதைக்கவோ கூடாது. மீறினால் வேலை நீக்கம்.’

“இடுப்பப் பத்தி அதுல ஒண்ணும் போடலியே அண்ணி, நீங்க இடிங்க” என்பாள் கத்திரி.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியம்மா ஒரு ஆலோசனை நிறுவனத்தைக் கூட்டிவந்தார். எந்த மெஷினை வாங்கலாம், எதைப் பழுது பார்த்தால் போதும், எந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடலாம் என்று அளந்து பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். அங்கிருந்து வந்தவர் சட்டைப் பையில் நாலு பேனாவும் கையில் ஒரு பெட்டியுமாக வந்தார். வந்த முதல் நாளே அவர் அளவுக்காரர் ஆகிவிட்டார்.

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து, மெஷினில் எங்கே ஒட்டலாம் என்று தடவிப் பார்த்தார். பெயின்ட் இல்லாத இரும்பில்தான் காந்தம் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பளபளத்த இடத்தின் மேல் ஓரத்தில் டப்பா டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“என்ன சார், மெஷினுக்குத் தாயத்தா?” என்றாள் கத்திரி.

“நாடி பாக்குற டப்பாங்க. எப்ப அதிருது, எவ்வளவு அதிருதுன்னு எழுதி வச்சுக்கும். பத்து நாள் இருக்கட்டும். நீங்க எப்பவும் செய்யுற மாதிரியே செய்யுங்க.”

எப்போதும் செய்கிற மாதிரி! படித்தவர் ஒருவர் நோட்டும் கையுமாகப் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்பிள்ளை இடுப்பால் இடிப்பாள்? அவர் நிற்கிறவரைக்கும் பசையக்கா முழங்கையால் அடுக்கைப் பூப்போலத் தள்ளினாள். அவர் டீ குடிக்கப் போனதும், மடார்.

எட்டாம் நாள் அளவுக்காரர் முகம் சரியில்லை. “இரும்புச் சட்டத்துக்குள்ள விரிசல் இருக்கலாம்னு தோணுது மேடம், இன்னும் முடிவாத் தெரியல” என்றார். ‘முடிவாத் தெரியல’ என்றது முதலாளியம்மா காதில் ஏறவில்லை. மறுநாளே புது மெஷின் விற்கிற ஆள் ஒருவன் வந்து, தரையில் சாக்குக்கட்டியால் நீளமாக ஒரு கட்டம் போட்டுவிட்டுப் போனான். வெட்டுவது, மடிப்பது, கட்டுப் போடுவது எல்லாம் ஒரே மெஷின், பார்த்துக்கொள்ள அவர்களே அனுப்பும் ஒரே ஆள் போதுமாம். கட்டம் பசையக்காவின் ஸ்டூல், கத்திரியின் மேஜை, கட்டுக்காரரின் நாற்காலி மூன்றையும் வளைத்துக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் பசையக்கா வெங்காயம் உரித்தாள். கண்ணீருக்கு அது வசதியாக இருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவன் தேற்றப் பார்த்தான்.

“வேல போனா போகட்டும் விடு. என் வேன்ல வந்து கதவு தொறந்து விடு.”

“நாப்பது பிள்ளைங்க கத்துறதயும் உங்க பாட்டையும் ஒண்ணாக் கேக்கவா? அந்த மெஷின் சத்தமே தேவலாம்.”

“எனக்கு என்ன வழிண்ணே?” என்றாள் கத்திரி உள்ளறையிலிருந்து. “ஒரே வீட்டுல ரெண்டு சம்பளமும் ஒரே நாள்ல போகுது.” அவன் மிச்ச வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அளவுக்காரர் அறிக்கையோடு வந்தார். முதலாளியம்மா கையை நீட்டினார்.

“குடுங்க, ரூம்ல வச்சுப் படிச்சுக்கறேன்.”

“மன்னிக்கணும் மேடம். மெஷின்கிட்ட நின்னு, அதுல வேல செய்யுறவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும். அப்புறந்தான் கையெழுத்து. எங்க நிறுவனத்துல அது விதி.”

“அவங்களுக்கு என்ன புரியப் போகுது?”

“புரியலன்னா நான் சரியா எழுதலன்னு அர்த்தம்.”

மெஷினை நிறுத்தினார்கள். மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். அளவுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“ஒரு ஷிப்டுக்குச் சராசரியாக இருநூற்றுப் பன்னிரண்டு பலத்த இடிகள் பதிவாகியுள்ளன. உயரம், தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி. திசை, வலமிருந்து இடம்.”

கத்திரி சட்டைக் கையைக் கடித்துக்கொண்டாள்.

“சாப்பாட்டு நேரத்தில் இடி இல்லை. எங்கள் ஆள் பக்கத்தில் நின்ற நேரத்திலும் இடி இல்லை. இதன் காரணம் விளங்கவில்லை. சட்டத்தில் உள்விரிசல் தொடங்கியிருக்கக்கூடும். மெஷினை மாற்றுவது நல்லது.”

கத்திரியிடமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

“ஏங்க சிரிக்கிறீங்க?” என்றார் அளவுக்காரர்.

“இல்ல சார், தும்மல்.”

பசையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டா! எதிரே பலகை, ‘வேலை நீக்கம்’ என்று முறைத்தது. காலடியில் சாக்குக்கோடு. வாயைத் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால் மூன்று பேர் வேலையும் போகும், ஒரு குறையும் இல்லாத மெஷின் காயலான் கடைக்குப் போகும். கட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இடிக்கிறது மெஷின் இல்ல” என்றாள். “நான்தான்.”

“நீங்கன்னா?”

“அட்ட மாட்டிக்கும். கையெல்லாம் பசை. அதான் இடுப்பால… நீங்க நிக்கும்போது வெக்கமா இருந்துச்சு, இடிக்கல.”

அளவுக்காரர் அறிக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார்.

“ஒரு தடவ இடிங்கக்கா.”

“இப்பவா? எல்லாரும் பாக்குறாங்களே.”

“டப்பா இன்னும் அங்கதான இருக்கு. பாத்துடலாம்.”

அவள் பட்டும் படாமலும் ஒன்று வைத்தாள். திரையில் கோடு கொசு கடித்த அளவுக்கு வீங்கியது.

“இது இல்லக்கா.”

“அண்ணி, எங்கண்ணன் நேத்து பாடினத நெனச்சுக்கிட்டு இடிங்க” என்றாள் கத்திரி.

மடார்! கோடு துள்ளிக் குதித்துத் திரையின் உச்சியைத் தொட்டது. அறிக்கையில் இருந்த அதே வடிவம். கட்டுக்காரர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

அளவுக்காரர் அட்டைக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. பிறகு பேனாவை எடுத்து, அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“பத்து நாளா எங்க ஆளோட இடுப்பையா அளந்தீங்க?” என்றார் முதலாளியம்மா.

“ஆமா மேடம். தேஞ்சு பளபளன்னு இருந்த இடத்துல டப்பாவ ஒட்டினேன், ஏன் தேஞ்சுதுன்னு கேக்கல. தப்பு எங்களுது. புது அறிக்கையில மொதப் பக்கத்துலயே அதத்தான் எழுதுவேன்.”

“கமுக்கமா விட்டிருக்கலாமே. புது மெஷின் வித்திருந்தா அந்த ஆள் உங்களையும் கவனிச்சிருப்பான்.”

“விக்கிறவங்ககிட்ட நாங்க எதுவும் கை நீட்டுறதில்ல. ஒரு காலண்டர் அனுப்பினாங்க, அதையும் திருப்பி அனுப்பிட்டோம்.”

“கிழமையாவது பாத்துட்டு அனுப்பினீங்களா சார்?” என்றாள் கத்திரி.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. பசையக்கா பக்கம் திரும்பினார்.

“மாட்டுதுன்னு பதினோரு வருஷமா ஒரு வார்த்த என்கிட்ட சொல்லலியே. ஏன்?”

“சொன்னா மெக்கானிக் வருவாரு. மெஷின நிறுத்துவாரு. அன்னிக்கிப் பெட்டி கொறையும். ஏன் கொறைஞ்சுதுன்னு நீங்க கேப்பீங்க மேடம். இடுப்பு எதுவும் கேக்காது.”

முதலாளியம்மா பலகையைப் பார்த்தார். மெஷினின் அந்தப் பளபளப்பைக் குனிந்து பார்த்தார். அதில் அவர் முகமே மங்கலாகத் தெரிந்தது.

“அப்ப மெஷினுக்கு என்னதாங்க கேடு?” என்று அளவுக்காரரைக் கேட்டார்.

அவர் அதற்குள் படுத்துக்கொண்டு இடது கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். “கம்பி தேஞ்சிருக்கு, மாத்தணும். அட்டைங்கள ஈரச் சுவரோரம் அடுக்குறீங்க, அத மாத்தணும். அப்புறம் இந்த எடத்துல தானா இடிக்கிற ஒரு சின்னக் கருவி. எவ்வளவு பலமா, எத்தன தடவ இடிக்கணும்னு அக்கா பத்து நாளா சொல்லித் தந்திருக்காங்க. அந்தக் கணக்கு பத்திரமா இருக்கு.”

“அது வந்துட்டா நான்?” என்றாள் பசையக்கா.

“பசைய யாரு ஊத்துவா, நானா?” என்றார் முதலாளியம்மா. பிறகு செருப்புக் காலால் தரையில் தேய்த்தார். சாக்குக்கோடு ஒரு முழம் அழிந்தது. “மிச்சத்த யாராவது தொடச்சு விடுங்க. வழுக்கும்.” சாக்குக்கோட்டில் யார் வழுக்குவார்கள் என்று கத்திரி மட்டும் முணுமுணுத்தாள். ஆனால் துணியோடு முதலில் குனிந்ததும் அவள்தான்.

மறுவாரம் புது அறிக்கை வந்தது. முதலாளியம்மா இந்த முறை கை நீட்டவில்லை. தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பக்கம் முழுக்க ‘எங்கள் பிழை’. அளவுக்காரர் அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

“இந்த மெஷினை இயக்குபவர் பத்து நாளும் கொடுத்த இடிகளின் சராசரி…”

“நில்லுங்க சார்” என்றாள் பசையக்கா. “பத்து நாளும் இல்ல. ஆறாம் நாளு நான் லீவு. எனக்குப் பதிலா நின்னது கட்டுக்காரரு. அவரு இடுப்பால இடிக்க மாட்டாரு, முஷ்டியால குத்துவாரு.”

கட்டுக்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அளவுக்காரர் கம்ப்யூட்டரைப் புரட்டினார். திரையில் ஆறாம் நாள் இடிகள் மட்டும் ஒரு விரற்கடை உயரத்தில், சின்னச் சின்னக் கோடுகளாக நின்றன.

“ஆமாங்கக்கா!”

“அதச் சேத்துச் சராசரி போட்டா கருவி சோப்ளாங்கியா இடிக்கும். அட்டை எறங்காது. அந்த நாள எடுத்துட்டுக் கணக்குப் போடுங்க.”

அளவுக்காரர் பத்தை அடித்து ஒன்பது என்று எழுதினார். பசையக்கா பசைக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றாள்.

“ம், மேல படிங்க.”