மைக்கும் நவம்பரும்

ரேடியோவைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, அதைத் தூக்கி சன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்றிருந்தது டீச்சருக்கு. ரேடியோ ஒரு சாண் தள்ளி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே கேபிளும் இருந்தது. இதற்குமேல் என்ன கண்றாவியைக் காட்ட வேண்டும்? சனிக்கிழமை காலை மணி பத்தரை. மத்தியானம் இரண்டுக்குப் போட்டி தொடங்கிவிடும். இருபத்துநாலு மணி நேரத்தில், உலகமெங்கும் அவளையும் அவள் கணவரையும் போல வீட்டில் பேசவும் கேட்கவும் முடிகிற ஹாம் ரேடியோ வைத்திருக்கும் எத்தனை பேரோடு பேச முடியுமோ அத்தனை பேரோடு பேச வேண்டும். ஒவ்வொருவரும் ஓர் எண் தருவார்கள். யாரோடு பேசினோம், எப்போது, அவர் தந்த எண் என்ன என்று அப்போதைக்கப்போது பதிகிற மென்பொருளைத்தான் இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் அவள் காலையிலிருந்து கட்டி அழுதுகொண்டிருந்தாள். ஓர் எழுத்து பிசகினால் அந்தத் தொடர்பே போச்சு.

கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினாள். திரையில் அலைவரிசை எண் பளிச்சென்று வந்தது. "இதுக்கா இத்தனை கூத்து?" என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினாள். மொட்டைமாடியில் அவள் கணவர் ஆன்டெனா கம்பியை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. தரைத்தளத்தில் நின்றபடியே எத்தனையாவது மாடிக் கதவில் உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அவளை ஊரே டீச்சர் என்று கூப்பிட, அவரும் அப்படியேதான் கூப்பிடுவார்.

பழைய பதிவுகளை ஏற்றப் போனபோதுதான் அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. போன வருடப் போட்டியை நடத்தியவர்கள் அனுப்பியிருந்த தவறுப் பட்டியல். "சும்மா ரெண்டு மூணு தப்பு, விடு" என்று அவர் அப்போது பூசி மெழுகியிருந்தார். திறந்தாள். அனுப்பியது பதினைந்து, பதிந்தது ஐம்பது. அனுப்பியது பதின்மூன்று, பதிந்தது முப்பது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. தெர்ட்டீன், தெர்ட்டி. காற்றில் எல்லாரும் ஆங்கிலத்தில்தானே சொல்வார்கள்? வால் அறுந்து விழுந்த எண்களாகவே பக்கம் பக்கமாக வந்தன. மொத்தம் நாற்பத்தோரு தவறு. போன வருடம் இருவரும் முறை வைத்துத் தனித்தனியே உட்கார்ந்திருந்தார்கள், எந்த நேரத்தில் யார் என்றும் அதிலேயே இருந்தது. அவள் கணக்கில் மூன்று. மிச்சம் முப்பத்தெட்டும் அவருடையது.

புதன்கிழமை அவரோடு வேலை செய்யும் கூட்டாளி போன் செய்திருந்தார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் லிஃப்ட் கூண்டு மேல நின்னுக்கிட்டிருந்தாரு. நிறுத்துங்கன்னு மூணு தடவ கத்துனேன். திரும்பல. இறங்கிப் போய் தோளத் தொட்டேன்" என்றார். வேலை மும்முரத்தில் இருந்திருப்பார் என்று அவளே சமாதானம் சொல்லி வைத்துவிட்டாள். திங்கள்கிழமை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் புது லிஃப்ட். அந்த இருட்டுக் கிணற்றுக்குள், மேலிருந்து வரும் குரலை நம்பித்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். குரல் கேட்காவிட்டால்? எழுந்து அடுப்படிக்குப் போனாள், தண்ணீர் பிடித்தாள், குடிக்காமலே திரும்பி வந்தாள். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அவர் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தார். "என்ன டீச்சரம்மா, உன் பொட்டி வழிக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. இத பாருங்க."

பட்டியலை எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "போன வருஷம் ஒரே இரைச்சல். அவனவன் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு பேசுனான்."

"எனக்கே காது குத்தாதீங்க. அதே இரைச்சல்லதான் நானும் உக்காந்தேன். காது டாக்டர்கிட்ட ஒரு தடவ போயிட்டு வந்துருவோமே."

"என் காதுக்கு என்ன கேடு? மெஷின் மாட்டிக்கிட்டு போனா எவன் என்னை கூண்டு மேல ஏத்துவான்? மொதல்ல போட்டி முடியட்டும்."

"போட்டி முடிஞ்சா மறுநாளே திங்கக்கிழமைங்க."

அதை அவர் காதில் வாங்கவில்லை. வாங்க முடியவில்லையா, வாங்க மனமில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. சண்டை போட்டால் ஒற்றைக் காலில் நிற்பார். இருபது வருடப் பழக்கம். ஆகவே வேறு வழி பார்த்தாள். "இந்தத் தடவ முறையெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் ஹெட்போன் மாட்டிப்போம். நீங்க பேசுங்க, நான் டைப் பண்றேன்."

தன் முறையில் கீபோர்டை வேறு யார் தொட்டாலும் சிடுசிடுக்கிற மனிதர், "சரி" என்றார். உடனே சொன்னார். அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. வானம் தெளிவாக இருந்தது போலும், அழைப்புகள் கொட்டின. எதிர்முனைக்காரர், காற்றில் பெயருக்குப் பதிலாக இருக்கும் தன் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொல்வார். எம் என்றால் மைக், என் என்றால் நவம்பர். எவ்வளவு மோசமான காதும் ஒன்றை இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்றே வைத்த சொற்கள். அவள் தட்டுவாள். அவர் பேசுவதற்கான கால் பெடலை மிதித்து, அதைக் கணீரென்று திருப்பிச் சொல்லி, தங்கள் எண்ணைக் கொடுப்பார். பிறகு அவர்கள் எண் வரும். அதையும் அவள் தட்டுவாள். இருபது, நாற்பது, அறுபது பேர். ஒவ்வொன்றையும் அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றிலாவது அவர் பிசக வேண்டுமே? இல்லை. ஓர் எழுத்துகூட இல்லை. குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

மூன்றரை மணிவாக்கில் அவள் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சே, அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்றிருந்தது. போன வருடம் உண்மையிலேயே இரைச்சலாக இருந்திருக்கும். கூட்டாளி தூரத்தில் நின்று கத்தியிருப்பார். மனிதருக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, நமக்குத்தான் புத்தி கெட்டுப்போய்விட்டது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே அடுத்த அழைப்பைத் தட்டினாள்.

"நவம்பர்" என்று முடித்தார் அவர்.

"நெகட்டிவ், நெகட்டிவ்" என்றது எதிர்முனை. "மைக். கடைசி எழுத்து மைக்."

அவர் தலையாட்டினார். பெடலை மிதித்தார். "ரோஜர், ரோஜர். நவம்பர்."

அவள் திரையைப் பார்த்தாள். கடைசி எழுத்து என். கீபோர்டில் எம்முக்கு ஒட்டி இருக்கும் என். அவள் விரல்தான் சறுக்கியிருந்தது. மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கண் ரேடியோவில் இல்லை. அவள் தட்டுகிற எழுத்து வந்து விழும் அந்தச் சின்னக் கட்டத்திலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரமாக அங்கேதான் இருந்திருக்கிறது.

இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர்முனை மறுபடி கூப்பிட்டது. கட்டத்தில் எதுவும் மாறவில்லை. அவர் காத்திருந்தார். "டைப் பண்ணு" என்றார். பிறகு, "என்ன டீச்சர், நிறுத்திட்ட?"

அவளுக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

அவர் கண் திரையிலிருந்து அவள் மடிக்கு இறங்கியது. பிறகு, யாரிடமோ கடன் கேட்கிற குரலில், "என்ன சொல்றான் அவன்?" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"சத்தம் வருது" என்றார். "எழுத்து வரல."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவளும் தன்னுடையதைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. மேசைமேல் கிடந்த அவருடைய ஹெட்போன், அடுத்த அறைவரைக்கும் கேட்கும்படி, மைக், மைக், மைக் என்று கத்திக்கொண்டிருந்தது.