காலிக் கண்ணாடி

திருமங்கலம் சாலையில் ஜல்லி அமுக்கிக்கொண்டிருந்த நீராவி ரோலரைப் பார்க்க ஜில்லா போர்டு மெக்கானிக் பாதுஷா வந்தார். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டக் கோடே தெரியவில்லை.

“ரொம்பித்தாண்ணே நிக்குது,” என்றான் டிரைவர் சௌரிராஜன்.

நிறைந்த குழாயும் காலிக் குழாயும் பார்வைக்கு ஒன்றுதான். அது தெரியாமலா இவன் காலையிலிருந்து ஓட்டுகிறான்? பாதுஷா குழாயின் அடித்திருகைத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் ஆவி சீறியது. கீழே அடுப்பு தகதகவென எரிந்துகொண்டிருந்தது.

சௌரிராஜன் பதறித் தண்ணீர் பம்பைத் திறக்கப் பாய்ந்தான். பாதுஷா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“காஞ்ச இரும்புல தண்ணி பட்டா பாய்லர் வெடிச்சிரும்டா. சும்மா நில்லு.”

ஜல்லி போட்டவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். பாதுஷா மறுகையில் நீளக் கம்பியை எடுத்து அடுப்புக் கங்குகளை வெளியே இழுத்துத் தள்ளினார். பாய்லருக்குள் ஏதோ ‘டக்’கென்றது. இருவரும் மூச்சு விடவில்லை. மறுபடியும் ‘டக்’கென்றது.

கடைசிக் கங்கும் வெளியே வந்தது.

“இப்ப ஊத்தலாமாண்ணே?”

பொழுது சாய்ந்து இரும்பு ஆறும்வரை பாதுஷா அந்த மணிக்கட்டை விடவில்லை.