காதுகுத்தும் பதினோராவது ஆளும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் கதை கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததோ காதுகுத்து. இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் இது. 1946-இல் தேனிக்காரர் எவரும் இந்திய அணிக்குத் தலைவராக இருந்ததில்லை. பழைய பத்திரிகைகளைப் புரட்டாதீர்கள். சங்கிலி என்கிற தேனிக்காரரை நான்தான் தலைவராக்கினேன்.

முதல் வரி இப்படித்தான் வந்தது: ‘பந்து வானத்தில் எழும்பியபோது சங்கிலியின் நெஞ்சு—’

(அடித்துவிட்டேன். நெஞ்சு படபடக்க மைதானம் எதற்கு, சொந்தக்காரர்கள் போதாதா?)

2.

தோற்றுத் தோற்றுத் துவண்டுபோன அணி. பழைய தலைவர் கைகழுவிவிட்டுப் போக, பொறுப்பு சங்கிலியிடம் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கான பதினோரு பேரை இன்று பொழுது சாய்வதற்குள் தந்தியில் சொல்லியாக வேண்டும். அதில் பேச்சிமுத்துவுக்கு இடமில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் முட்டை வாங்குகிறவர். ஆனால் சங்கிலிக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். போதாக்குறைக்கு, சங்கிலியின் மனைவி சந்தனம்மாளின் அண்ணன்.*

* ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் தேசிய அணியிலா என்று முறைக்காதீர்கள். ராஜாக்கள் ஆடியபோது கேட்டீர்களா?

இன்றைக்கென்று பார்த்து, தேனி அல்லிநகரத்து வீட்டில் சங்கிலியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளைக்கு இருப்பது ஒரே மாமன். காது குத்துவதற்கு முன்னால் சொன்னால் மனம் உடைந்து எழுந்து போய்விடுவார். பின்னால் சொன்னால், காரியம் முடியும்வரை மறைத்த துரோகம்.

3.

இந்த இடத்தில் சங்கிலியின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நியாயஸ்தரா, கோழையா? ஒரு பிரதியில் அவரைத் தென்னந்தோப்பில் ஒளித்துவைத்தேன். சந்தனம்மாள் தேடிப்போய் அழைத்து வந்துவிட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். அடுப்படி வாசலில் மறித்துக்கொண்டு சொன்னாள்:

“மொதல்ல பிள்ளைக்குக் காது குத்தட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீக.”

சங்கிலி தலையாட்டினார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அவள்மேல் வரவில்லை.

4.

ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய பிள்ளை மாமன் மடியில். பேச்சிமுத்து நிமிர்ந்து சங்கிலியைப் பார்த்தார்.

(இனி அவர் சொல்வது என் திட்டத்தில் இல்லாதது.)

“மாப்ள, சொல்ல வேண்டியத இப்பவே சொல்லிரு. பிள்ள மடியில இருக்கு. எந்திரிச்சுப் போக மாட்டேன்.”

ஆசாரியின் கை அப்படியே நின்றது. சந்தனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

5.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சங்கிலி பொய் சொன்னார். இன்னொன்றில் பேச்சிமுத்துவைச் சேர்த்துக்கொண்டு அணியைத் தோற்கவிட்டார். மற்றொன்றில் உண்மையைச் சொன்னார். பேச்சிமுத்து பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆசாரியிடம்—

இல்லை. என்னால் முடியவில்லை.

பிள்ளை சிணுங்க ஆரம்பித்துவிட்டது. சங்கிலி வாயைத் திறக்கிறார். இனி நீங்கள் சொல்லுங்கள். என்னைப் போலத் தாளைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள். பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.