இருபத்திரண்டாவது பேர்

எங்கள் செம்பாக்கா ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடலுக்குக் கோடு போடுவது என் வேலை. சுண்ணாம்பைக் கரைத்து, கயிறு பிடித்து, நானே தனியாகக் கோடு இழுப்பேன். ஆட்டம் தொடங்கியதும் கொடியைத் தூக்கிக்கொண்டு அதே கோட்டோரம் ஓடுவேன். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனாலும் யாராவது கோட்டை மிதித்துவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கும் தாப்பா ரோட்டுத் தோட்டத்துக்கும் கோப்பை ஆட்டம் நடக்கும். அன்றைக்கு மட்டும் பந்தை உதைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. வெள்ளைக்காரத் துரை சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொண்டு நடுத்திடலில் நிற்பார். சண்டையில் செத்துப்போன ஏழு துரைமாரின் பேரைப் படிப்பார். நடுவர் விசில் ஊதுவார். ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. மறுபடி விசில், அப்புறம் ஆட்டம். அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் நிற்போம். துரை நிற்கும்போது கூலிக்காரன் உட்கார்ந்திருக்க முடியுமா?

காளியம்மா உட்கார்ந்திருப்பாள். திடலோரத்தில் பால் வெட்டும் கித்தா மரத்தடியில், நெற்றியில் காலணா அளவு பொட்டும் தலையில் பூவுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "செத்தவங்களுக்குத்தானே நிக்கறாங்க? எம்வீட்டுக்காரரு சாகலையே" என்பாள். அவளைக் கிண்டல் செய்தவர்களும் இரண்டு மூன்று வருஷத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அவள் புருஷன் பத்துமலை என் கூட்டாளி. நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம் என்று சொல்லி லாரியில் ஏற்றினான். எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்தாறு பேர் போனோம். நான்கு பேர் திரும்பினோம். மற்ற மூவரும் பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவன் நான் ஒருவன்.

நான் திரும்பி வந்த அன்றைக்கு, காளியம்மா கைக்குழந்தை வீரம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். "அவரு எங்கண்ணே?" என்று கேட்டாள். "வேற கேம்புக்கு மாத்திட்டாங்க, தங்கச்சி. வருவான்லா" என்று சொன்னேன். ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் தீபாவளி வந்தது. அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. இதைக் கேட்டு நீங்கள் என்னைத் திட்டினால் அது நியாயம்தான்.

உண்மை இது. மழைக்காலத்தில் எங்கள் கேம்பில் வாந்திபேதி வந்தது. பத்துமலைக்கும் கண்டது. நடக்க முடியாதவர்களை ஆற்றோரக் கொட்டகையில் போடச் சொன்னான் ஜப்பான்காரன். பத்துமலையை நான்தான் முதுகில் சுமந்துகொண்டு போனேன். கீழே இறக்கியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், இங்க வேணாம்டா, வீட்டுக்குப் போலாம்" என்றான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியும்போது அந்தக் கொட்டகையை எரித்தார்கள். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். சத்தம் கேட்டது. வெளியே ஒருத்தனும் வரவில்லை. துப்பாக்கியோடு நின்றவர்களைத் தாண்டி யார் வர முடியும்? இதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

எழுபத்தைந்தில் தோட்டம் கைமாறி, கார்த்திகேசு என்று ஒருவர் மேனேஜராக வந்தார். எங்களுக்கு வாய்த்த முதல் தமிழ்த் துரை. வெள்ளைக்காரன் விட்டுப்போன பைலில் அந்த ஏழு பேரைப் பார்த்துவிட்டு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"இந்தத் தோட்டத்திலருந்து சயாமுக்குப் போனவங்க பேரு எங்க? அவங்க சாகலையா?"

"செத்தாங்க, தொரை."

"இந்த வருஷம் அவங்க பேரத்தான் படிக்கப் போறேன். நீங்க ஒருத்தர்தானே பாக்கி? எழுதிக் கொடுங்க. உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக யாரோ ஏழு பேருக்கு நின்ற திடல் எங்கள் ஆட்களுக்காக நிற்கப் போகிறது. என் கையால் கோடு போட்ட திடலில், ஒரு நிமிஷமாவது, பத்துமலை பேருக்காக நூற்றுக்கணக்கான பேர் வாயை மூடி நிற்பார்கள். கருமாதிகூடச் செய்யாத பிணம் அது. அவனுக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆனால் அவன் பேரை எழுதினால் காளியம்மா தாலியை அறுக்க வேண்டும்.

அந்த வாரம் முழுதும் தாளையும் பேனாவையும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். புதன்கிழமை சாயந்திரம் காளியம்மா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. தலையில் புதுப் பூ இருந்தது.

"லிஸ்டு எழுதுறீங்களாமே, அண்ணே."

"ஆமா, தங்கச்சி."

"பாத்து எழுதுங்க. ஒருத்தரையும் விட்டுறாதீங்க."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் நான் பார்த்தது அந்தப் பொட்டையும் பூவையும்தான். இதைப் பிடுங்க நான் யார் என்று நினைத்தேன். ராயப்பன், மாயாண்டி, சின்னையா என்று இருபத்தொரு பேரை எழுதினேன். இருபத்திரண்டாவது பேரை எழுதாமலே தாளை மடித்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திடல் கொள்ளாத கூட்டம். தெலுக் இந்தானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும்கூடப் பழைய தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கமுந்திங்கில் வாழ்க்கைப்பட்டுப் போன வீரம்மாவும் வந்திருந்தாள். அவளோடு கித்தா மரத்தடியில் காளியம்மா நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவையாக நின்றாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை. தலையில் ஒன்றும் இல்லை.

அவள் கேட்க வந்திருக்கிறாள். புருஷன் பேரைக் கேட்டு, அழுது தீர்த்து, ஆற்றங்கரையில் தாலியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள். இதை வீரம்மா பிறகு எனக்குச் சொன்னாள். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. துரையிடம் ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கலாமா என்று நினைப்பதற்குள் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஒரு மூலையில் அழுகை எழுந்தது. இருபத்தொன்றாவது பேரோடு துரை தாளை மடித்தார். நடுவர் பாஸ்கல் வாத்தியார் விசில் ஊதினார். அந்த ஒரு நிமிஷம் நான் தலை குனியவில்லை. காளியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

இரண்டாவது விசில் கேட்டதும், கோட்டையெல்லாம் மிதித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, அவரு இருக்காரு! நான்தான் பாவி, மனசு விட்டுட்டேன். செத்தவங்க எல்லாரையும் எழுதியிருக்கீங்க, அவரு பேரு இல்ல. அவரு இருக்காருண்ணே!"

பக்கத்தில் நின்ற லயத்துக்காரி நவமணியின் நெற்றியிலிருந்து குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் கொடியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் ஓடப் போனேன்.

அதற்குமுன் அவள் காத்திருந்தது பாதிப் பழக்கம். பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், அவ்வளவுதான். இப்போது இரண்டு தட்டில் சோறு போட ஆரம்பித்தாள். தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க பால் வெட்டும் கத்தியோடு மலைக்காட்டிலிருந்து இறங்கி வருவாள். தைப்பூசம் முடிந்ததும் சயாமுக்கே போய்த் தேடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வீரம்மா தாயின் அடையாள அட்டையை ஒளித்து வைத்துவிட்டு என்னிடம் வந்து அழுதாள்.

"மாமா, உங்களுக்கு எதாச்சும் தெரிஞ்சா சொல்லிருங்க. எங்கம்மாவப் பாக்க முடியல."

அன்றைக்குத்தான் போனேன். காளியம்மாவை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். முதுகில் சுமந்ததை, அவன் சட்டையைப் பிடித்ததை, விரலைப் பிரித்ததை, தீயை. அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை.

"உடம்பப் பாத்தீங்களாண்ணே?"

"எரிஞ்சுபோச்சு, தங்கச்சி. எந்த உடம்பப் பாக்கறது?"

"அப்ப பாக்கல."

"நான் சத்தியமாச் சொல்றேன்..."

"அண்ணே, அந்தப் புள்ள உங்களச் சொல்லச் சொல்லிருக்கு. நான் சயாமுக்குப் போயிருவேன்னு பயம். நீங்க தொரைக்கிட்ட எழுதிக் கொடுத்தது பொய்யா இருக்குமா? அத்தனை பேரு முன்னால படிச்சாங்களே!" என்று சொல்லி எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி போட்டாள். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா அந்தப் பேப்பரத்தான் நம்புது. இந்த வருஷம் பேர எழுதிருங்க, மாமா. திடல்ல படிச்சாங்கன்னா நம்பிரும்" என்றாள் வீரம்மா. எனக்கும் அதுதான் வழி என்று பட்டது. எழுபத்தாறு நவம்பரில் இருபத்திரண்டு பேரையும் எழுதிக் கொடுத்தேன். பத்துமலையை முதல் பேராக எழுதினேன். அன்று அதிகாலையிலேயே போய், கயிறு கொஞ்சமும் விலகாமல் கோடு போட்டேன்.

கூட்டம் எழுந்து நின்றது. காளியம்மா சிவப்புச் சேலையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "பத்துமலை" என்று படித்தார். அவளிடம் அசைவே இல்லை. மற்ற பேரெல்லாம் படித்து முடித்தார். பாஸ்கல் வாத்தியார் விசில் ஊதினார். திடல் அடங்கியது. கடைசியில் வந்துவிட்டதடா உன் நிமிஷம் என்று அவனிடம் மனசுக்குள் சொன்னேன்.

பத்து விநாடி ஆகியிருக்காது.

"அய்யோ, நிறுத்துங்க!" காளியம்மா எழுந்து திடலுக்குள் ஓடி வந்தாள். "உசுரோட இருக்கறவருக்கு நிக்கறீங்களே! உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! அவருக்கு எதாச்சும் ஆயிருமே!"

ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து அமுக்கினாள். மறித்த வீரம்மாவை உதறித் தள்ளினாள். நடுத்திடலில் விழுந்து மண்ணில் தலையை முட்டிக்கொண்டாள். குங்குமத்தோடு ரத்தமும் கலந்து வழிந்தது. பாஸ்கல் வாத்தியார் ஒரு கையில் விசிலும் மறு கையில் கடிகாரமுமாக விழித்துக்கொண்டு நின்றார். துரை வேகமாக என்னிடம் வந்தார்.

"என்னய்யா இது? உயிரோட இருக்கறவர் பேரையா எழுதிக் கொடுத்தீங்க? நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் எழுதச் சொன்னேன்லா?"

காளியம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூட்டமே என்னைப் பார்த்தது. ஆமாம், எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான்தான் சுமந்துகொண்டு போய்ப் போட்டேன் என்று கத்த வாய் திறந்தேன். அவள் இன்னொரு முறை தலையை முட்டினால் அங்கேயே உயிர் போய்விடும்.

"தப்பா எழுதிட்டேன், தொரை" என்றேன். "அவன் இருக்கான். அடிச்சிருங்க அந்தப் பேர."

துரை பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை என் முதுகிலேயே வைத்து அந்தப் பேரை அடித்தார்.