தேனீக்காரனின் உயரம்

1

இந்தக் கதை ஒரு பழைய வீடியோ நாடாவிலிருந்து வந்தது. விஸ்கான்சினில் நான் இருக்கும் ஊரில், வீட்டைக் காலி செய்த ஒருவர் புல்வெளியில் விற்பனைக்குப் பரப்பியிருந்த சாமான்களுக்கிடையே கிடந்தது. அட்டையில், தேனீ வளர்ப்பவரின் வெள்ளை அங்கியும் வலைத்தொப்பியும் அணிந்த ஓர் உருவம். கையில் அரிவாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு வேளாண் கல்லூரி வளாகத்தில், கைக்குக் கிடைத்ததை வைத்து எடுத்த கொலைப்படம். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியில் தங்கிவிட்ட மாணவர்களைத் தேனீக்காரன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். (பனிக்காலத்தில் தேனீ ஏது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை.)

பயப்படத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கொலைகாரனின் உயரம் மாறிக்கொண்டே இருந்தது. முதல் கொலையில் அவன் தலை கதவு நிலையில் இடிக்கிறது. மூன்றாவதில் குள்ளமாக, தொப்பையோடு வருகிறான். ஐந்தாவதில் மெலிந்த தோள்கள், சின்னக் கைகள். அன்றைக்கு யார் சும்மா இருந்தாரோ அவர் அங்கியை மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே ஒருத்தி மிஞ்சியிருக்கும் கட்டத்தில் திரையில் திடீரென்று கால்பந்தாட்டம். யாரோ முடிவின் மேல் ஆட்டத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தையும் கடைசிவரை பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை. அங்கிக்குள் இருந்தது யார் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடித்தவர்களை நான் தேடவில்லை. இனி வரும் பெயர்களும் பேச்சும் நான் இட்டுக்கட்டியவை.

2

முதல் வரியாக முயன்றது: ‘பனி விழுந்துகொண்டிருந்த அந்தக் காலையில் ஆர்லிஸ் டோலெஃப்சன் தன் மரணத்தை நோக்கி

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன்.

நேராகச் சொல்கிறேன். ஆர்லிஸ் பால்பண்ணைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. படத்தில் தப்பிப் பிழைக்கும் பெண் அவள். டுவெய்ன் ப்ரூஸ்கி இறுதியாண்டு. இயக்குநர், கேமராமேன், வேன் ஓட்டுபவன் எல்லாம் அவனே. முடிவைத்தான் அவர்கள் முதலில் எடுத்தார்கள். காரணம், கால்தடம் படாத பனி அன்றைக்குத்தான் இருந்தது. கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாக அவள் வயலைக் கடந்து நடக்க வேண்டும். ஒரே ஷாட். அழுதுகொண்டு நடக்கச் சொல்லியிருந்தான். பாதி தூரத்தில் அவள் சிரித்துவிட்டாள். ஏனென்று அவளுக்கே தெரியாது. டுவெய்ன் ‘கட்’ சொல்ல மறந்து நின்றான்.

பிறகு, படத்தை வாங்கி விநியோகிக்கவிருந்த சிகாகோக்காரன், அதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்தான்.

“நீ சாகணுமாம்,” என்றான் டுவெய்ன்.

“யாரு சொன்னது?”

“சிகாகோக்காரன். எல்லாப் படத்துலயும் கடைசிப் பொண்ணு தப்பிச்சிடுறாளாம். நம்ம படத்துல அவளும் போயிட்டா வாங்கிக்கிறேங்கிறான்.”

“அப்ப நான் பனியில நடந்தது?”

டுவெய்ன் தன் பூட்ஸைப் பார்த்தான். “அது... தேவைப்படாது.”

“டேய், ரெண்டு நாள் எனக்குக் கால் வெரலே மரத்துக் கெடந்துச்சுடா! அதைவிட நல்லா நான் எதையுமே செஞ்சதில்ல. அதைத் தூக்கிக் குப்பையில போடுவியா?”

“நல்லாதான் இருக்கு. இல்லேன்னு சொன்னேனா?”

“அவனுக்குக் காட்டினியா?”

“காட்டினேன்.”

“என்ன சொன்னான்?”

“மெதுவா இருக்குன்னான்.”

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு ஷாட்டுக்காக ஒருத்தி இவ்வளவு போராடுவாளா? வாசகர் நம்ப வேண்டாமா? அதனால் இதை எழுதினேன்:

‘ஆர்லிஸுக்கு ஓர் அக்கா இருந்தாள். இரண்டு குளிர்காலங்களுக்கு முன், உறைந்த ஏரிமேல் போகையில் பனிக்கட்டி உடைந்து, காரோடு

நிறுத்திவிட்டு வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எடுபட வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். சிகாகோக்காரன் கேட்டதும் இதைத்தானே?

அக்காவைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். மில்வாக்கியில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். கதைக்குள் வரமாட்டாள். ஆர்லிஸுக்கு அந்த நடை போதும். தான் செய்த ஒரு நல்ல காரியம் அழியாமல் இருக்க வேண்டும் என்று நினைக்க, வீட்டில் யாரும் செத்திருக்க வேண்டியதில்லை.

4

அவள் சாவைப் படமெடுக்கப் பால் பதப்படுத்தும் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளை ஓடு பதித்த தரை, கழுவுவது சுலபம்.*

ஆர்லிஸ் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள். “மத்தவனுங்க எங்க?”

“பனிப்புயல் வருதுன்னு ரேடியோல சொன்னான். ரோடு மூடறதுக்குள்ள ஊருக்கு ஓடிட்டானுங்க.”

“அப்ப என்னைக் கொல்றது யாரு?”

“நீதான்.”

“என்னது?”

“நான் கேமராவுல நிக்கணும்ல? மொதல்ல அங்கியைப் போட்டுக்கிட்டு வெறுந்தரையில வெட்டு. அப்புறம் கழட்டிட்டு, படுத்துக்கிட்டுக் கத்து. ரெண்டையும் ஒட்டிக்கலாம்.”

“நானே வெட்டி நானே கத்தணும். மிச்சம் மீதி இருந்தா நானே தரையையும் கழுவணுமா?”

“கழுவினா நல்லாத்தான் இருக்கும்.”

அவள் அங்கியை மாட்டினாள். ஐந்தாவது கொலையிலும் அதற்குள் இருந்தவள் அவள்தான். அன்றைக்கு அவளுக்குக் காட்சி இல்லை. வலைத்தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“அவ எங்க கெடக்கா?”

“அந்தச் சாக்கடைத் துவாரத்துக்குப் பக்கத்துல.”

“தலை எந்தப் பக்கம்? ஒண்ணும் புரியல, வந்து காட்டு.”

“ஃபிலிம் ஓடுது ஆர்லிஸ்!” என்று கத்திக்கொண்டே, கேமராவைத் தாங்கியில் இறுக்கிவிட்டு ஓடி வந்து மல்லாந்து படுத்தான். “இங்க தலை. இங்க கழுத்து. பாத்துக்கிட்டியா?”

(அரிவாள் பண்ணையிலிருந்து எடுத்து வந்தது. மழுங்க வைத்திருந்தார்கள் என்று எழுதலாமா என்று பார்த்தேன். எழுதவில்லை.)

அவள் அவனுக்கு மேலே வந்து நின்றாள்.

“டுவெய்ன். பனியில நடந்ததை வச்சுக்குவியா?”

“வெளையாடாத. அரிவாளை எறக்கு.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். வலைக்குப் பின்னால் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

* படத்தில் ரத்தம் என்பது சோளப்பாகில் கலந்த சிவப்புச் சாயம். சூடேற்றாத கூடத்தில் அது இறுகி ஜாம் மாதிரி ஆகிவிடும். ரத்தத்தை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியால் பூச வேண்டியிருக்கும்.

5

“சரி, வச்சுக்கறேன்” என்று அவனைச் சொல்ல வைக்கலாம். அரிவாளுக்குக் கீழே கொடுத்த வாக்கு சிகாகோவரை தாங்குமா, தெரியவில்லை. “முடியாது” என்று சொல்ல வைத்தால் அதற்கடுத்த வரியை நான் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு முடிவும் இருக்கிறது. அவள் கேமராவுக்கு நேராகத் தொப்பியைக் கழற்றிவிடுகிறாள். கொலைகாரி அவளே. அப்படியானால் அவள் சாக வேண்டியதில்லை, பனி நடை படத்தில் தங்கிவிடும். ஆனால் அதில் நடப்பவள் தப்பித்தவள் அல்ல, அந்தச் சிரிப்பும் அந்தச் சிரிப்பல்ல. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. சிகாகோக்காரனுக்கும் பிடிக்கும் என்பதால் நம்பத் தயக்கமாக இருக்கிறது.

கேமரா ஓடுகிறது. டுவெய்ன் தரையில் கிடக்கிறான். நானும் எழுதுவதை விட்டு எழுந்து வந்துவிட்டேன். சுருளில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. ஆர்லிஸ் தலையைத் திருப்பி லென்ஸைப் பார்க்கிறாள். இப்போது அதற்குப் பின்னால் நிற்பது நீங்கள் மட்டும்தான்.

“நீங்க சொல்லுங்க,” என்கிறாள். “பனியில நடந்ததை வச்சுக்குவீங்களா?”