ஐம்பதாவது கேடயம்

அந்தக் கேடயத்தில் பெயரே வேண்டாம் என்று சொன்னவள் அங்கம்மாதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய பேச்சு அது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்த வருஷம் கண்டியில் நடந்த நாடகப் போட்டியில் றஞ்சனா மாமியாராகவும் அங்கம்மா மருமகளாகவும் நடித்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று நடுவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சிறந்த நடிகை இருவர் என்று அறிவித்தார்கள். ஆனால் போட்டி நடத்தியவர்கள் செய்து வைத்திருந்ததோ ஒரே ஒரு பித்தளைக் கேடயம். அதில் வருஷமும் ‘சிறந்த நடிகை’ என்ற சொல்லும் வெட்டியிருந்தது. அடியில் பெயருக்கென்று ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தார்கள். இரண்டு பேருமாகப் பித்தளைக் கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர் விரலால் அளந்து பார்த்துவிட்டு, ஒரு பெயர்தான் கொள்ளும் என்றார்.

“அப்ப பேரே வேணாங்க. யாருதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்தானே,” என்றாள் அங்கம்மா.

றஞ்சனா கடையில் வைத்தே அவளைக் கட்டிப்பிடித்தாள். ஒரு வருஷம் உன் வீட்டில், ஒரு வருஷம் என் வீட்டில், தைப்பொங்கலன்று மாற்றிக்கொள்வோம் என்று பேச்சானது. ஒற்றை வருஷங்கள் அங்கம்மாவுக்கு விழுந்தன.

அதற்குப் பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. றஞ்சனாவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து குண்டசாலையில் வீடு கட்டியவர். மகள் நடிக்கப் போவதை அவர் தடுக்கவில்லை. மேடையிலிருந்து டெலி நாடகம், அதிலிருந்து சினிமா, தமிழிலும் சிங்களத்திலும் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். விருதுகள் வைத்திருந்த கண்ணாடி அலுமாரி நிரம்பி, இரண்டாவது அலுமாரி வந்தது. அங்கம்மா தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததோடு புருஷன் கணேஸ், ஆடினது போதும் என்றுவிட்டான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். இன்றைக்கும் அதே கதிரைதான்.

ஆனால் ஒற்றை வருஷங்களில் அவள் நடிகை. கேடயம் டீவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் தேநீர் குடித்து முடிவதற்குள் பேச்சு எப்படியோ அங்கே போய்ச் சேரும். இரட்டை வருஷங்களில் சொன்னால் யாரும் அவ்வளவாக நம்பமாட்டார்கள். “அப்புடியா?” என்பார்கள், அவ்வளவுதான்.

துவாயில் சுற்றிய கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ தடவை குண்டசாலைக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். கொரோனா காலத்துத் தையில் பஸ்ஸை நம்பிப் போக முடியவில்லை. அப்போது றஞ்சனா தானே காரில் வந்து, கேடயத்தைப் படியில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று கைகாட்டிவிட்டுப் போனாள். எவ்வளவு பெரிய நடிகை, ஒரு பித்தளைத் துண்டுக்காக வந்தாளே என்று அங்கம்மா அன்று முழுக்க எல்லோருக்கும் சொல்லித் தீர்த்தாள்.

இந்த வருஷம் ஒற்றை வருஷம். பொங்கலன்று போனபோது கேடயம் இல்லை.

“பொலிஷ் பண்ணக் குடுத்திருக்கிறன், அங்கம்மா. பங்குனியில எனக்கு விழா எடுக்கினம். அதுக்குப் பிறகு நானே கொண்டுவந்து தாறன்,” என்றாள் றஞ்சனா.

“அதுக்கென்ன, மெதுவா தா,” என்றாள் அங்கம்மா. சந்தேகப்படுவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வெறும் துவாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பிறகு விழா அழைப்பிதழ் வந்தது. ‘ஐம்பது விருதுகள் கண்ட றஞ்சனா’ என்று பெரிய எழுத்தில் போட்டு, வாழ்த்துரை வழங்குவோர் வரிசையில் அவள் பெயரையும் அச்சடித்திருந்தார்கள். டிஸ்பென்சரியில் டாக்டருக்குக் கூட அதைக் காட்டினாள்.

விழா கண்டி நகரில் ஒரு மண்டபத்தில். வாசலுக்குள் நுழைந்ததுமே நீளமான மேசையில் சிவப்புத் துணி விரித்து விருதுகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அங்கம்மாவின் கண் நேரே தன் கேடயத்தைத் தேடிப் பிடித்தது. கடைசியில், ஐம்பதாவதாக, பளபளவென்று இருந்தது. வெறுமையாக இருந்த வரியில் ‘செல்வி றஞ்சனா’ என்று புதிதாக வெட்டியிருந்தது.

பிழையாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதேதான்.

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் றஞ்சனா கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள்.

“றஞ்சி, அதுல ஒன் பேர வெட்டியிருக்கியே.”

“ஓமடி, சொல்லத்தான் இருந்தனான்.” றஞ்சனா திரும்பவில்லை. கண்ணாடியிலேயே பேசினாள். “எல்லாத்தையும் எண்ணிப் பாத்தா நாப்பத்தொன்பதுதான் வந்தது. அதுக்குள்ள அவங்கள் ஐம்பது எண்டு நோட்டீஸ் அடிச்சிட்டாங்கள். பேரில்லாத கேடயத்தை வைச்சா, இது ஆற்றை எண்டு சனம் கேக்காதோ?”

“கேட்டா எங்க ரெண்டு பேருதுன்னு சொல்லு.”

“அரை விருதை எப்பிடியடி எண்ணுறது?”

அங்கம்மா அவள் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “எனக்கு இருக்கறதே அது ஒன்னுதான் றஞ்சி.”

“நான் என்ன விழுங்கியா போட்டன்? விழா முடிய எடுத்துக்கொண்டு போ. ஆற்றை பேர் இருந்தாலும் கேடயம் கேடயம்தானே.”

நாற்பத்தொன்பது இருக்கிறது அவளிடம். அவற்றில் ஒன்று காணாமல் போனால் எது என்றுகூட அவளுக்குத் தெரியவராது. ஓர் இலக்கம் வடிவாக இருக்கவேண்டும் என்பதற்காக, இல்லாதவளிடமிருந்து இருந்த ஒன்றையும் எடுத்திருக்கிறாள். எதிரி செய்திருந்தால் அங்கம்மா தாங்கியிருப்பாள். செய்தவள் றஞ்சி.

அங்கம்மா அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இன்றைக்கு இந்தச் சபையில் சொல்லாவிட்டால், தான் நடித்தேன் என்பதை இனி எந்த வருஷமும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அறிவிப்பாளர் சுஜந்தன் கையிலிருந்த துண்டைப் பார்த்து வாசித்தார். “அடுத்து, அந்நாளில் மேடைக்குப் பின்னால் நின்று றஞ்சனா அவர்களுக்கு உதவிய தோழி, திருமதி அங்கம்மா கணேஸ்.” அவரைக் கடக்கும்போது அந்தத் துண்டு கண்ணில் பட்டது. சாய்வான அந்த எழுத்தை அங்கம்மாவுக்கு நன்றாகத் தெரியும். றஞ்சனாவின் கையெழுத்து.

மைக் முன்னால் நின்றாள்.

“அந்த மேசையில இருக்கறது நாப்பத்தொன்பதுதாங்க,” என்றாள். சபை சிரித்தது. “கடைசிக் கேடயத்துல பாதி என்னோடது. நா மருமகளா நடிச்சேன். பேரு வேணாம்னு நான்தான் சொன்னேன். நம்பிச் சொன்னேன். இப்ப இவ தம் பேர வெட்டிக்கிட்டா.” குரல் உடைந்து கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

றஞ்சனா கதிரையிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்று அங்கம்மா நம்பினாள். அவ்வளவுக்குப் பிறகும் நம்பினாள்.

றஞ்சனா மைக்கை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவளை அணைத்துக்கொண்டாள். “பாத்தியளோ! மருமேள் இண்டைக்கும் மாமியோடை சண்டைக்கு வந்திட்டா! மேடைக்குப் பின்னால நிண்டு நிண்டே என்ரை அங்கம்மா முழு நாடகத்தையும் பாடமாக்கிப் போட்டாள்!”

மண்டபம் அதிர்ந்தது. அப்பாடா என்று எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், பின்வரிசையில் எழுந்தே நின்றார்கள். “நா இப்ப நடிக்கலங்க,” என்றாள் அங்கம்மா. மைக் அவளிடம் இல்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசை இன்னும் பலமாகத் தட்டியது. யாரோ அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள்.

படியிறங்கும்போது, முன்வரிசையிலிருந்த ஓர் அம்மா ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது.

“என்னைய அழ வச்சிட்டீங்களே,” என்றாள். “நீங்க ஏம்மா நடிக்கப் போகல? போயிருந்தா ஒங்களுக்கும் ஒரு விருதாவது கெடச்சிருக்குமே.”